இருபது செயலிகளில் எதைத் திறப்பது?

கேள்வி: திருவையாற்றுக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னையை விட்டு என் கணவரின் பூர்விக நிலத்துக்குத் திரும்பியது முதல் பிள்ளைகள் இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மகனுக்கு இப்போது 13 வயது. ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்குச் சென்றவன். மகளுக்கு 9 வயது. ஒன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டோம், தமிழில்தான் படிக்கிறாள். பணம் கட்டிப் படிக்கும் செயலிகளுக்கு வசதியில்லை. இலவசமாகக் கிடைப்பவற்றைத் தேடித் தேடிக் கைப்பேசியில் 20 செயலிகள் சேர்ந்துவிட்டன. காணொளி இணைப்புகளுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் மகன் பின்னக் கணக்கில் தடுமாறுகிறான். எவை நல்லவை என்று ஒரு பட்டியல் தருவீர்களா? வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசியும் பழைய மடிக்கணினியும்தான். பத்தாம் வகுப்புத் தேர்வை எப்படி எழுதுவது? உறவினர்கள் கேட்டால், 'கும்பகோணத்து ராமானுஜனும் தாமாகக் கற்றவர்தானே' என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். சில பெயர்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கைப்பேசியில் இருப்பதைவிட அவை குறைவாகவே இருக்கும். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, மகன் பின்னத்தில் தடுமாறுகிறான் என்பது. பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே இருக்கும் ஆசிரியருக்கு எளிதில் கிடைக்காத தகவல் அது. பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டான் என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அந்த ஓர் இடத்துக்கு எந்த இலவசப் பாடம் பொருந்தும் என்று தேடுவதே முறை; பாடங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிள்ளையை அவற்றின் முன் உட்கார வைப்பது தலைகீழ் வேலை.

சென்ற ஆண்டு பாபநாசம் பக்கத்தில் உங்களைப் போலவே வீட்டில் கற்பிக்கும் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண். பின்னத்தைப் பற்றிப் பதினொரு காணொளிகள் பார்த்து முடித்ததாகத் தானே எண்ணிச் சொன்னாள். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டேன். நான்கு பெரிய எண் ஆகையால் நான்கில் ஒரு பங்குதான் பெரியது என்றாள், துளியும் தயங்காமல். அவள் பார்த்த காணொளிகளை நானும் பார்த்தேன், ஒன்றிலும் குறையில்லை. ஆனால் பதினொன்றில் எதுவும் நடுவில் நிறுத்தி அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை, வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. அவளுடைய பாட்டி எழுந்து போய்ப் பரணிலிருந்து பித்தளைப் படியையும் உழக்கையும் ஆழாக்கையும் எடுத்து வந்தார். உழக்கால் நான்கு முறை அரிசியை அளந்து கொட்டினால் படி நிறைகிறது. ஆழாக்கால் எட்டு முறை கொட்ட வேண்டியிருக்கிறது. எட்டு பெரிய எண்தான், ஆனால் ஆழாக்கு உழக்கில் பாதி. ஐந்தாவது ஆழாக்கைக் கொட்டும்போதே அந்தப் பெண் நிறுத்திவிட்டு, "அப்படியென்றால் நான் முதலில் சொன்னது தப்பு" என்றாள். அதற்குப் பிறகு பார்த்த காணொளி அவளுக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டில் படி இல்லாவிட்டாலும் நிலம் இருக்கிறது. நம் பக்கத்தில் இன்றும் மாவிலும் வேலியிலும்தான் பேசுகிறோம். பழந்தமிழ் எண்ணில் மா என்றாலே இருபதில் ஒரு பங்கு. 20 மா சேர்ந்தது ஒரு வேலி. ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. ஆகவே ஒரு மாவுக்கு 14,400 சதுர அடி. மூன்று மா ஓர் ஏக்கர் என்று களத்துமேட்டில் சொல்கிறோமே, அது எவ்வளவு சரி என்று மகனைக் கேளுங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி என்ற விவரத்தை மட்டும் கொடுத்தால் போதும். வித்தியாசம் 360 சதுர அடி, அதாவது இரண்டரைக் குழி என்று அவனே கண்டுபிடிப்பான். பின்னம், பரப்பளவு, வகுத்தல் மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

இதற்குப் பிறகுதான் இணையம். மகன் ஆங்கிலத்தில் படித்தவன் என்பதால் கணக்குக்குக் கான் அகாதெமி ஒன்றே போதும். அது லாப நோக்கற்ற அமைப்பு, கட்டணம் இல்லை, தேசிய அளவிலான என்சிஇஆர்டி பாடத்திட்டத்தை ஒட்டி வகுப்பு வாரியான கணிதமும் அதில் உண்டு. ஆனால் அவனுக்கு 13 வயது என்பதற்காக எட்டாம் வகுப்பைத் திறக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பின் இறுதித் தேர்வை முதலில் எழுதச் சொல்லுங்கள். காணொளியைத் தொடாமல் கேள்விகளுக்கு மட்டும் விடையளித்தால், அவன் எந்தத் தலைப்பில் சறுக்குகிறான் என்பது ஒரு மாலைக்குள் தெரிந்துவிடும். கீழ் வகுப்புப் பாடத்தைத் தங்கை பார்த்துவிடுவாளோ என்ற கூச்சம் இந்த வயதுப் பையன்களுக்கு வரும்; அவள் அருகில் இல்லாத நேரத்தில் உட்கார வையுங்கள். விடைகளை நோட்டில் எழுதிப் போட்ட பிறகே திரையைத் தொட வேண்டும் என்ற விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும்போது ஊகிக்க முடியும்; நோட்டில் ஊகிக்க முடியாது.

பாடங்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளும்படி இருவருக்கும் பரிந்துரைக்கிறேன். தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு வழிப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களில் பாடங்களின் ஓரத்தில் கியூஆர் குறியீடு அச்சாகியிருக்கும். அதைக் கைப்பேசியால் படித்தால் அந்தப் பாடத்துக்கான காணொளியோ பயிற்சியோ திக்ஷா என்னும் அரசுக் கல்வித் தளத்தில் திறக்கும். தேடுபொறியில் 'ஒளிச்சேர்க்கை' என்று தட்டி வரும் ஆயிரம் காணொளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை இதனால் உங்களுக்கு மிச்சம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. அவற்றை முழுதாக ஓட விடாதீர்கள். பத்து நிமிடத்தில் நிறுத்தி, இதுவரை என்ன சொன்னார்கள் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வராவிட்டால் அந்தப் பத்து நிமிடத்தையே மறுபடி பார்க்கட்டும்.

அறிவியலுக்கு இரண்டே பெயர்கள் சொல்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் என்னும் மாதிரிச் சோதனைகள். மின்சுற்று, அடர்த்தி, விசை, பின்னம் எனப் பல தலைப்புகளில், பிள்ளையே திரையில் கம்பியை இழுத்து மின்கலத்தோடு இணைத்துப் பார்க்கலாம். தமிழாக்கம் செய்யப்பட்டவையும் அவற்றில் உண்டு. ஒருமுறை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை. மற்றொன்று, அரவிந்த் குப்தாவின் தளம். ஒடித்த தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் இவற்றைக் கொண்டே அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத் தருவார். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டையும் ஜோடியாகப் பயன்படுத்துங்கள்: திரையில் மின்சுற்று அமைத்த அன்றே ஒரு டார்ச் பல்பும் இரண்டு பேட்டரியும் ஒரு முழம் ஒயரும் கையில் கொடுத்துவிட வேண்டும். சரியாக இணைத்தால் திரையில் பல்பு எப்போதும் எரியும். கையில் எரியாதபோது ஏன் என்று துருவிப் பார்ப்பதுதான் பாடம்.

மகள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒன்பது வயதில் அவளுக்கு வேண்டியது வாசிப்பு. தங்குதடையின்றி வாசிக்கத் தொடங்கிவிட்டால் மற்றப் பாடங்கள் பாதி முடிந்த மாதிரி. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான தமிழ்ப் படக்கதைகள், வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளில் உள்ளன. அவை திறந்த உரிமத்தில் வெளியானவை ஆதலால், இறக்கி அச்சிட்டுக்கொள்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வயதைப் பார்த்து நிலையைத் தேர்வு செய்யாதீர்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் எழுத்துக்கூட்ட நேர்ந்தால் ஒரு நிலை கீழே இறங்குங்கள். ஒரே கதை பல சமயம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். முதல் நாள் தமிழில் வாசித்ததை மறுநாள் ஆங்கிலத்தில் வாசித்தால் அகராதி இல்லாமலே பொருள் விளங்கும். ஆங்கிலம் பேசக் கற்றுத் தருவதாகச் சொல்லும் செயலிகளைவிட இந்தச் சிக்கனமான வழியையே நான் நம்புகிறேன்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இப்போதைக்கு அவளுக்கல்ல, உங்களுக்கு. சங்கப் பாடல்கள் முதல் பிற்காலப் படைப்புகள் வரை பதிப்புரிமைச் சிக்கலின்றி அங்கே கிடைக்கின்றன. அம்மா வாசிப்பதைப் பிள்ளைகள் பார்ப்பதற்கு எந்தச் செயலியும் ஈடில்லை.

ஒரே கைப்பேசி என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேண்டியவற்றை இரவில் நீங்களே இறக்கி மடிக்கணினிக்கு மாற்றிவிட்டால், பகலில் பிள்ளைகள் இணையமே இல்லாத கணினியில் படிக்கலாம்; அடுத்த காணொளி தானாக ஓடும் தொல்லை அங்கே இல்லை. கிவிக்ஸ் என்னும் மென்பொருள் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி இணையமின்றி வாசிக்க வகை செய்கிறது. 2017-இலேயே ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த கலைக்களஞ்சியம் ஒரு விரலளவு நினைவட்டையில் அடங்கிவிடும். மின்தடை நாள்களுக்காகப் பயிற்சித் தாள்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் இருபக்கமும் எடுக்கச் சொன்னால் தாள் செலவு குறையும்.

இணையத்தைத் தேடிப் போகாமலே வாசலுக்கு வரும் பாடமும் உண்டு. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கும்போது நம் ஊர்களில் மேட்டூர் அணையைப் பற்றியே பேச்சு. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. நாளிதழில் வினாடிக்கு இத்தனை கன அடி திறப்பு என்று வரும். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அப்படியானால் ஒரு நாள் முழுதும் விட்டு ஒரு டிஎம்சி தீர வேண்டுமென்றால் வினாடிக்கு எத்தனை கன அடி? ஏறக்குறைய 11,574 என்று வரும். வரத்தே இல்லாமல் இதே அளவில் விட்டால் நிறைந்த அணை எத்தனை நாள் தாங்கும், அது குறுவை நெற்பயிரின் வயதுக்குக் காணுமா என்று மகன் கணக்குப் போட்டுத் தன் தந்தையிடம் காட்டட்டும். நடவு நாள்களில் பாட நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. வீட்டில் கற்பிப்பதால் கிடைக்கும் வசதியே அதுதானே.

இலவசம் என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதல் பத்துப் பாடம் இலவசம் என்று சொல்லிக் கைப்பேசி எண்ணைக் கேட்கும் எதையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு, அப்படி ஓர் எண்ணைக் கொடுத்த பிறகு, பிள்ளையின் எதிர்காலமே பாழாகிவிடும் என்கிற தொனியில் நாள்தோறும் அழைப்பு வந்தது. கடைசியில் மாதத் தவணையில் ஒப்பந்தம் போட்டுவிட்டுத் தவித்தார்கள். நான் மேலே சொன்னவற்றில் ஒன்றும் உங்களுக்குத் தொலைபேசியில் அழைக்காது.

ராமானுஜனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவரைச் சாட்சிக்கு அழைப்பதை விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். அவர் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்துப் பரிசுகள் வாங்கியவர். 1903-இல் அவர் கைக்கு வந்தது ஒரே ஒரு நூல், ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளை வரிசையாகத் தொகுத்தது. ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார். ஆனால் கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் குடந்தை அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இழந்தார். உறவினர்களில் யாராவது இந்தப் பின்பாதியை அறிந்தவராக இருந்தால் உங்கள் வாதம் நிற்காது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் சென்று காட்டுங்கள், அது வேறு.

இனி தேர்வு. இதில் உங்களுக்குக் கால அவகாசம் குறைவு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், வீட்டுவழிக் கல்வியை வெளிப்படையாக ஏற்கவுமில்லை, தடுக்கவுமில்லை. ஆனால் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள அது வழி செய்கிறது. அப்படிச் சேர்ந்தவர் 14 வயதைக் கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணமின்றிப் படிக்கலாம். மகனைப் பள்ளிக்குத் திரும்ப அனுப்பும் எண்ணம் ஒரு மூலையில் இருந்தால்கூட, அவனுக்கு 14 நிறைவதற்குள் முடிவெடுங்கள்.

அனுப்புவதில்லை என்றால் இரண்டு வழிகள். முதலாவது, பள்ளியில் சேராதவர்களும் எழுதும்படி மாநில அரசின் தேர்வுத் துறை நடத்தும் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை நேரடியாக எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்று, பதினான்கரை வயதும் நிறைந்த பின் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, ஒதுக்கப்படும் பள்ளிக்குச் சென்று வர வேண்டும். பலர் தவற விடுவது இந்தச் செய்முறைப் பதிவைத்தான். இரண்டாவது வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடங்கள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் வரை பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். பாடநூல்கள் இணையத்தில் இலவசம், பதிவுக்கும் தேர்வுக்கும் கட்டணம் உண்டு. இதைத் தேர்ந்தெடுத்தால் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னாளில் மாநில அரசுப் பணியை அவன் நாடக்கூடும் என்றால், அந்தச் சான்றிதழ் மாநிலப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு இணையாக ஏற்கப்படுமா என்பது பற்றி நடப்பில் உள்ள அரசாணையைக் கல்வி அலுவலகத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். என் கணிப்பைக் கேட்டால், உங்கள் மகனுக்கு முதல் வழியையே சொல்வேன். எட்டாம் வகுப்புத் தேர்வு, மூன்று ஆண்டு வீட்டுப் படிப்பு எங்கே வந்து நிற்கிறது என்பதை வெளியார் ஒருவர் திருத்திச் சொல்லும் முதல் வாய்ப்பாகவும் இருக்கும்.

மகளைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இலும், பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் அதற்கு அடுத்த ஆண்டிலும் வந்தது. அரசுப் பள்ளியில் அதே வகுப்புகளைப் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வீட்டில் படித்தால் இவை இரண்டும் இல்லை. மகனுக்கு அந்தக் கதவு சாத்திவிட்டது. மகளுக்கு ஆறாம் வகுப்பு வயது வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை வீட்டில் கதைகளை வாசிக்கட்டும், பிறகு அவளையும் கேட்டு முடிவெடுங்கள். பள்ளி வேண்டாம் என்ற உங்கள் முடிவை நான் குறை சொல்லவில்லை. இலவசம் என்று கணக்குப் போடும்போது இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.

எந்த வழியானாலும், இந்த வாரமே மகனின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பரப்பி, பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து முன்னாலும் மற்றொன்றில் தந்தையின் பெயர் விரிந்து பின்னாலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதைத் திருத்த வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நடக்க மாதக்கணக்கில் ஆகலாம். தேர்வு விண்ணப்பமோ இரண்டு வாரம்கூடத் திறந்திருக்காது.